ஜெயா அக்காவின் பேன்சீப்பு

"ஆடாம இரு" என்று சொல்லிக்கொண்டே ஜெயா அக்கா மானின் கழுத்தைப் பேன்சீப்பால் சீவுவார். இரண்டு பக்கமும் நெருக்கமாகப் பல் வைத்த மரச்சீப்பு அது. மலேசியாவிலிருந்து அவரோடு வந்தது. ஓர் இழுப்பு இழுத்ததும் சீப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பல்லில் சிக்கியதைக் கட்டைவிரல் நகத்தால் சுண்டிவிட்டு மறுபடி ஓர் இழுப்பு. முடியோடு ஒட்டிக்கொண்டு வந்த முள்விதை ஏதாவது அகப்பட்டால், "எங்க போய் உருண்டே நீ?" என்று மானைக் கேட்பார். மான் செத்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். அதன் தோலுக்குள் இருப்பது மஞ்சள் நிற நுரைக்கட்டை.

ஆக்லாந்தில், எல்லர்ஸ்லியின் அலுவலகக் கட்டடங்கள் முடிந்து கிடங்குகள் தொடங்கும் ஒரு தெருவில் இருக்கிறது, வேட்டையாடிய மிருகங்களைப் பாடம் செய்யும் அந்தப் பட்டறை. தோலைக் கொடுத்தால், நுரையால் செய்த உடம்பின்மேல் அதைப் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் வைத்து, உயிரோடு நிற்பது போலத் திருப்பிக் கொடுப்பார்கள். பதினொரு ஆண்டுகளாக அங்கே தையல் முழுவதும் ஜெயா அக்காவின் கை. வயது ஐம்பத்தெட்டு. அதற்கு முன் மலேசியாவில், கிள்ளானில் ஒரு சோபாத் தொழிற்சாலையில் வளைந்த ஊசி பிடித்தவர். "சோபாவும் இதுவும் ஒண்ணுதான் லா. இதுக்குக் கண்ணு இருக்குது, அவ்வளவுதான்" என்பார். எனக்கு அங்கே வாரத்தில் மூன்று நாள் காகித வேலை: வெளிநாட்டுத் தோல்களுக்கான அனுமதிச் சீட்டுகள், படிவங்கள். தமிழ் பேச எங்களுக்கு நாங்கள் இருவர்தான்.

காலையில் என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது, "பசியாறிட்டியா சிந்து?" ஆனால் பட்டறைக்குள் அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பத்து மணிக்கு, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சுக்குப் போய்விடுவார். மழையானாலும் அங்கேதான். கண் வைக்காத மிருகங்களின் முகத்தைத் துண்டால் மூடிவைப்பார். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "தையல்" என்பார். விடாமல் கேட்டால் "பெரிய சைஸ் தையல்" என்பார். முதலாளி கிரெக்கை, மலேசியத் தமிழர்கள் முதலாளியை அழைப்பதுபோல, "தவுக்கே" என்றுதான் கூப்பிடுவார்.

வேட்டைக்காரர்கள்மேல் அவருக்கு வெறுப்பு கிடையாது. சேற்றுக் காலணியோடு மலையிலிருந்து நேராக வரும் உள்ளூர்க்காரர்களை அவருக்குப் பிடிக்கும். நாலு நாள் நடந்தேன், மூன்று தடவை குறி தப்பியது, வழுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன் என்று அவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். "கறியத் தின்னுட்டுத் தோலக் கொண்டு வர்றானுங்க. விழுந்ததையும் ஒளிக்காமச் சொல்றானுங்க. இவனுங்க நல்ல பசங்க" என்பார்.

புதுத் தோல் வந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் போடுவார். உள்பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி வருவார். எங்கெல்லாம் விரல் நிற்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் தமிழில் ஒரு சொல் எழுதுவார்: முள். சண்டை. விழுந்தது. குண்டு. எந்தக் காயத்துக்கு எந்தத் தையல் என்று தெரிய வேண்டுமாம். பிறகு அந்தச் சொற்கள் நுரை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிரந்தரமாக உள்ளே போய்விடும். நியூஸிலாந்தின் எத்தனையோ வரவேற்பறைகளில், சுவரில் தொங்கும் மான்களுக்குள், இப்படி ஜெயா அக்காவின் கையெழுத்து இருக்கிறது. குண்டு துளைத்த ஓட்டையை அவர் மூடினால் சுட்டவனாலேயே கண்டுபிடிக்க முடியாது. அவருடைய நூல்பெட்டியில் பழுப்பு நிறத்தில் மட்டும் பன்னிரண்டு கண்டுகள். எந்தத் தோலுக்கும் அதன் நிறத்திலேயே நூல் எடுப்பார்.

ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே சிங்கத்தோல். உரிமையாளர் வரதராஜன்.

வரதராஜனை எனக்குத் தெரியும். எல்லர்ஸ்லியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். நான் மாணவியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்குத் தன் காரில் வந்து, எனக்கு ஒரு மெத்தையும் மேசையும் கொடுத்தவர். இதை எழுதும்போது அந்த மெத்தையை நான் மறந்துவிடவில்லை. அவருடைய சிங்கக் கதையையும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முன்பே கேட்டிருந்தேன். "முப்பது மீட்டர். அப்படியே பாயுது! கூட வந்த வெள்ளைக்காரங்க ரெண்டு பேரும் பின்னாடி வா, பின்னாடி வான்னு கத்துறாங்க. நான் ஒரு அடி நகரலையே. நெஞ்சுல ஒண்ணே ஒண்ணு. என் காலடியில வந்து விழுந்துச்சு பாருங்க." மேசையில் இருந்த பன்னிரண்டு பேரும் தோசையை ஆறவிட்டுக் கேட்டோம்.

ஜெயா அக்கா அந்தத் தோலைக் கவிழ்த்துப் போட்டுத் தடவினார். வெகுநேரம் பென்சிலை எடுக்கவே இல்லை.

"என்னா பிள்ளை இது, தொட்டில்ல கெடந்த தோல் மாதிரி இருக்கு?"

வளர்ந்த ஆண் சிங்கம். காதில் கிழிசல் இல்லை. முகத்தில் ஒரு கீறல் இல்லை. முள் தைத்த தழும்பு ஒன்றுகூட இல்லை. "இத்தன வயசுக்கு ஒரு சண்டைகூடப் போடலையா இவன்?" என்றார். நகங்கள் தேயாமல் வளைந்து நீண்டிருந்தன. மூக்கின் மேல்பக்கம் மட்டும் முடி உதிர்ந்து, தோல் தடித்துக் காய்த்திருந்தது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். "சர்க்கஸ்ல பாத்திருக்கேன். கம்பியில மூக்க வச்சித் தேச்சித் தேச்சி வர்றது இது."

நான் போய் அனுமதிச் சீட்டை எடுத்துவந்தேன். மிருகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் கட்டத்தில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து இருந்தது. கூண்டில் பிறந்து வளர்ந்தது என்று அதற்குப் பொருள். இரண்டு வாரம் முன்பு அந்தக் கட்டத்தைச் சரிபார்த்துக் கோப்பில் வைத்தவள் நான்தான். எழுத்தைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

குண்டு ஓட்டைகள் இரண்டு. ஒன்று பின்தொடையில், வாலிலிருந்து ஒரு சாண் தள்ளி. இன்னொன்று தோளுக்கு மேலே, உயரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கியது. நெஞ்சுப் பகுதியை ஜெயா அக்கா விளக்குக்கு நேராக விரித்துப் பிடித்தார். ஊசி நுழையும் துளைகூட அதில் இல்லை. மூக்குத் தோலின் உள்பக்கம் 'கம்பி' என்று எழுதினார். இரண்டு ஓட்டைகளுக்குப் பக்கத்திலும் 'குண்டு' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அடுத்த வாரம் வரதராஜன் ஒரு டப்பா முறுக்கோடு வந்தார்.

"அக்கா, தைக்கிறது ஒரு தமிழம்மான்னு கிரெக் சொன்னான். எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? நம்ம ஆளு கையில குடுத்தா பயமே இல்ல." முறுக்கை மேசையில் வைத்தார். "வாய் நல்லாத் திறந்திருக்கணும். பாயுற போஸ். அப்புறம் ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட்." தன் சட்டையின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார். "இங்க ஒரு குண்டு மார்க் தெரியணும். பின்னாடி இருக்கறத சுத்தமா மூடிடுங்க. மூக்கு மேல இருக்கற அந்த இதையும்."

ஜெயா அக்கா ஊசியைக் கீழே வைக்கவில்லை. "தம்பி, அது உங்கள நோக்கி வந்திச்சா?"

"வந்துச்சுக்கா! அதத்தானே சொல்றேன்."

"ஓடியா, நடந்தா?"

வரதராஜன் முறுக்கு டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "நடந்துதான். ஆனா சைஸப் பார்த்தா ஈரக்கொலையே நடுங்கும்க்கா."

"நீங்க எங்க நின்னீங்க?"

"ஜீப்புல. மேல ஒரு சீட்டு வச்சிருப்பாங்க."

"சரி, வந்து?"

"வந்து நின்னுச்சு. ஜீப்பையே பார்த்துச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் திரும்பிச்சு. கைடு ‘இப்போ, இப்போ’ன்னு கைய அமுக்குறான்…"

"காடி சத்தம் கேட்டு வந்திருக்கு" என்றார் ஜெயா அக்கா. காடி என்றால் அவருக்கு வண்டி. "தெனமும் காடியிலதானே அதுக்குச் சாப்பாடு வரும்? வந்து நின்னு பாத்திருக்கு. ஒண்ணும் போடலைன்னதும் திரும்பிப் போயிருக்கு. பின்னாலேருந்து சுட்டிருக்கீங்க. விழுந்தது சாகலைன்னு மேலேருந்து ஒண்ணு."

"ரெண்டாவது நான் சுடல. அது கைடு."

"அதான் நேரா இருக்கு."

வரதராஜனின் முகம் சிவந்தது. "எல்லாரும் இப்படித்தான்க்கா போறாங்க, சட்டப்படிதான் போறாங்க. நீங்க கறி சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடுறேனே. ஞாயித்துக்கிழமைன்னா ஆட்டுக்கறிதான். ஆனா ஆடு என் மேல பாஞ்சிச்சின்னு நான் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியல."

நான் அச்சுப்பொறியில் காகிதம் வைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மரியாதையாத்தான் கேட்டேன்" என்றார் அவர். "நான் கிரெக்கிட்டயே பேசிக்கறேன்." முறுக்கு டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

கிரெக் சுருக்கமாகத்தான் பேசினார். தோல் அவருடையது, கதையும் அவருடையது, தைப்பதுதான் நம் வேலை என்றார். வரதராஜனின் நண்பர்கள் மூன்று பேர் அடுத்த ஆண்டு அதே பண்ணைக்குப் போகிறார்களாம். அந்தத் தோல்களும் இங்கே வர வேண்டும் என்பது கிரெக்கின் கணக்கு.

"யூ கட், தவுக்கே" என்றார் ஜெயா அக்கா. "ஐ நோ கட்."

கிரெக்கே கத்தியை எடுத்தார். மாசில்லாத அந்த நெஞ்சில் வட்டமாக ஒரு துளை போட்டு, ஓரத்தைக் கருக்கி, சிவப்பும் கறுப்புமாகச் சாயம் தொட்டார். அந்தச் சிங்கத்துக்கு விழுந்த மூன்றாவது குண்டு அது. செத்த பிறகு விழுந்தது. கத்தியைத் துடைத்துவிட்டு, மற்றதெல்லாம் சுத்தமாக மூடப்பட வேண்டும், இந்த வேலையில் ஒரு குறை என்று வாடிக்கையாளர் சொன்னாலும் நீ திங்கட்கிழமை வர வேண்டாம் என்று ஜெயா அக்காவிடம் சொன்னார்.

அன்று பத்து மணிக்குப் பெஞ்சில் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது. அவர் கணவர் வீரையா முழங்கால் போய், பேருந்து ஓட்டுவதை நிறுத்தி இரண்டு ஆண்டாகிறது. பக்குரங்காவில் அவர்கள் வீடு இவருடைய ஒரு சம்பளத்தில் ஓடுகிறது. "அம்பத்தெட்டு வயசுல நான் எங்க போய் நிப்பேன், சொல்லு" என்றார். "சோபா எல்லாம் இப்ப சீனாவுலேருந்து தச்சே வருது."

எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு மிருகத்தைப் பிறந்த நாளிலிருந்து வண்டிச் சத்தத்துக்கு வரப் பழக்குகிறார்கள். பழக்கிய சத்தத்தை நம்பி அது வந்து நிற்கிறது. பசியோடு திரும்பிப் போகும்போது முதுகுப்பக்கம் சுடுகிறார்கள். பிறகு அதன் வாயைப் பிளந்து, நெற்றியைச் சுருக்கி, இதுதான் என்னைக் கொல்ல வந்தது என்று வீட்டில் நிறுத்திவைக்கிறார்கள். அதன் உயிரை எடுத்தது போதாமல், அது யார் என்பதையும் எடுத்துக்கொள்கிறார்கள். இதை நான் வரதராஜனிடமும் சொல்லவில்லை, கிரெக்கிடமும் சொல்லவில்லை. படிவங்களை அடுக்கினேன்.

மூன்று வாரத்தில் சிங்கம் எழுந்து நின்றது. பிளாஸ்டிக் பல், பளபளக்கும் நாக்கு, பாய்வதற்குத் தூக்கிய முன்னங்கால். கண் வைக்கும்வரை முகத்தின்மேல் துண்டு கிடந்தது. மூக்கின் காய்ப்பை கிரெக் முடி ஒட்டி மறைத்தார். தோள் ஓட்டையை ஜெயா அக்கா ஒரு பொழுதில் மூடிவிட்டார். எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. பின்தொடை ஓட்டையைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார். அதற்கு அவர் ஊசியில் கோத்த நூல் சிவப்பு.

"அக்கா, சிவப்பா?"

"பிரவுன் தீந்துபோச்சி."

பெட்டியில் பன்னிரண்டு கண்டுகளும் இருந்தன. தைத்து முடித்ததும் முடியை இழுத்து மேலே படியவிட்டார். குனிந்து பார்த்த கிரெக், அருமை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே பக்குரங்காவில் வரதராஜன் புதுவீடு கட்டியிருந்தார். ஒரு சனிக்கிழமை நண்பகல் அங்கே விருந்து. கோயம்புத்தூரிலிருந்து வாஸ்துக்காரர் வீடியோவில் சொன்னபடி, கண்திருஷ்டி படாமலிருக்கச் சிங்கம் வாசலைப் பார்த்து நிறுத்தப்பட்டது. அதனால் அதன் பின்பக்கம், சாப்பாடு வைத்திருந்த நீள மேசையைப் பார்த்து அமைந்தது. வண்டியில் வரும்போது முடி கலைந்துவிடும் என்பதால் கடைசியாகச் சீவிவிட ஜெயா அக்காவை கிரெக் அனுப்பியிருந்தார். ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்து வாங்க நானும் போனேன்.

அறுபது பேர் இருப்பார்கள். வரதராஜன் கதையைத் தொடங்கினார். முப்பது மீட்டர் இப்போது இருபது மீட்டராகியிருந்தது. அவருடைய எட்டு வயது மகள் சிங்கத்தின் முன்னால் போய் நெஞ்சிலிருந்த துளையில் விரலை வைத்து, "டாட் ஷாட் இட் ரைட் ஹியர்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இவங்கதான் நம்ம ஜெயாக்கா" என்று அவர் கை நீட்டினார். கூட்டத்துக்கு நடுவில் அவர் எப்போதும் தாராளமானவர். "இதுக்குத் திரும்ப உசிரு குடுத்தவங்க. அக்கா, போட்டோவுக்கு முன்னாடி ஒரு தடவ சீவி விட்டுடுங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

ஜெயா அக்கா கைப்பையிலிருந்து பேன்சீப்பை எடுத்தார். பிடரியைச் சீவினார். "ஆடாம இரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "ஆன்ட்டி, பேன் இருக்கா பாருங்க" என்றார்கள். இன்னும் பெரிய சிரிப்பு. படங்கள் எடுத்து முடிந்ததும் வரதராஜனின் மனைவி உஷா, "சாப்பிட வாங்க, ஆறுது" என்று குரல் கொடுத்தார். தட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் சிங்கத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். வரதராஜனும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். ஒப்படைப்புச் சீட்டு அப்போதும் கையெழுத்தாகாமல் என் கையில்தான் இருந்தது. நான் ஜெயா அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

சிங்கத்தின் பின்பக்கம் போனார். மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையில் சீப்பை நனைத்தார். பள்ளிக்குப் புறப்படும் பெண்ணுக்குத் தலைவாரப் போகிறவர்போல, இடது கையால் தொடையை அழுத்திப் பிடித்து, சீப்பின் ஓரப்பல்லைப் பதித்து, ஒரே இழுப்பில் நேராக ஒரு வகிடு எடுத்தார். முடி இரண்டு பக்கமும் விலகிப் படிந்தது. நடுவில் ஏழு தையல், சிவப்பில். வரிசையில் முதலில் நின்ற பெண் தட்டோடு குனிந்தார். ஜெயா அக்கா சீப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு, மறுபடி நனைத்து, வகிடு கலையாமல் நிற்கும்படி இரண்டு பக்கமும் அழுத்தி வாரிவிட்டார்.